மதகைக் காட்டாத படங்கள்

வறட்சி என்று சொன்னதும் திரையில் வருவது பாளம் பாளமாக வெடித்த தரைதான். மேலேயிருந்து ட்ரோன் மெல்ல இறங்கும். விரிசல்களுக்கு நடுவே ஒரு பெரியவர் வெறுங்காலோடு நடந்துபோவார். பின்னணியில் வயலின் இழையும். எந்த நாட்டில், எந்த மொழியில் எடுத்த ஆவணப்படமாக இருந்தாலும் இந்தக் காட்சிக்கு மட்டும் குறை இருக்காது.

திண்டுக்கல் சமவெளியில் இதைப் படமெடுக்க யாரும் அலைய வேண்டாம். மே மாதம் வற்றிய குளம் எதில் இறங்கினாலும் கிடைக்கும். நல்ல மழை பெய்த வருஷத்துக்கு அடுத்து வரும் கோடையிலும் கிடைக்கும். குளத்தடியில் இருப்பது வண்டல். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்து எங்கள் பக்கத்து விவசாயி கலங்குவதில்லை. வெடிப்புக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார். தோட்டத்துக்கு வண்டல் அடிக்க டிராக்டரைக் கொண்டுவருகிறார். அவர் கலங்குகிற குளம் வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் அது பச்சைப்பசேலென்று இருக்கும். கிட்டப்போனால் கரைக்குக் கரை சீமைக்கருவேலம். வரத்து வாய்க்கால் தூர்ந்துபோய், அது எந்த வழியாக வந்தது என்பதே ஊரில் நாலைந்து பெரியவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். ட்ரோனுக்கு அந்தக் குளம் செழிப்பாகத் தெரியும். செத்துப்போன குளத்தை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் குளத்தைச் சாவின் அடையாளமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

பருவநிலை மாற்றம் பற்றிய படங்கள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. பூமி சூடாகிறது, மழையின் போக்கு மாறுகிறது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. என் கவலையெல்லாம் ஒன்றுதான். மக்களை நம்பவைத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இந்தப் படங்கள் வானத்தை மட்டும் காட்டுகின்றன. வானத்தைக் காட்டினால் பயம் வரும். ஆனால் தூர்ந்த வாய்க்காலும் திறக்காத மதகும் தப்பித்துக்கொள்ளும். படம் முடிந்து எழுந்தவருக்கு யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாது.

நகர்த்தப்பட்ட மண்டையோடு

வெடித்த தரைக் காட்சிக்குத் தொண்ணூறு வருஷ வயது ஆகப்போகிறது. 1936 மே மாதம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஆர்தர் ராத்ஸ்டீன் என்ற இளம் புகைப்படக்காரர் ஒரு மாட்டு மண்டையோட்டைப் படமெடுத்தார். அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில் அவருக்கு வேலை. வறட்சியையும் புழுதிப் புயலையும் நாட்டுக்குக் காட்டுவது அந்தத் துறையின் நோக்கங்களில் ஒன்று. மண்டையோட்டைப் புல்லுள்ள இடத்திலும் வைத்து எடுத்தார், ஏறக்குறைய பத்தடி நகர்த்தி வெடித்த தரையிலும் வைத்து எடுத்தார். விஷயம் வெளியே வந்ததும் ரூஸ்வெல்ட் அரசுக்கு எதிரான பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்த உவர்த்தரை மழைக்காலம் போன கையோடு எப்போதும் வெடிக்கிற தரைதான் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். வறட்சி நிஜம், ஜனங்கள் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனதும் நிஜம். ஆனால் பத்தடி நகர்ந்த ஒரு மண்டையோடு, மொத்த வறட்சியையும் நாடகம் என்று சொல்ல எதிராளிகளுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டது.

அதே துறை அதே ஆண்டு வெளியிட்ட ஓர் ஆவணப்படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பேர் லொரென்ட்ஸ் இயக்கிய 'தி ப்ளவ் தட் ப்ரோக் தி ப்ளெய்ன்ஸ்', அரைமணி நேரத்துக்கும் குறைவான படம். புழுதிப் புயலுக்கு வானத்தை மட்டும் அது குற்றம் சொல்லவில்லை. புல்வெளியை டிராக்டர் வைத்துக் கிழித்துக் கோதுமை போட்ட பேராசையை நேராகக் காட்டியது. ஹாலிவுட் விநியோகஸ்தர்கள் கைவிரித்துவிட்டார்கள், சமவெளி மாநிலங்களின் அரசியல்வாதிகளில் சிலர் கொதித்தார்கள். வங்கியையும் முதலாளியையும் இன்னும் அழுத்தமாகச் சாட வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்களே இயக்குநரோடு சண்டை போட்டார்கள். கருவியின் பெயரைத் தலைப்பிலேயே வைத்த துணிச்சல் அந்தப் படத்தினுடையது. பேரிடர்ப் படங்களில் அது அபூர்வம்.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது, இன்னும் கசப்பானது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் சொன்னது 1876-78 பஞ்சத்தை. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி, அப்போது மதுரை ஜில்லாவில் இருந்த திண்டுக்கல் உட்பட, பட்டினியால் வாடியது. அந்தச் சமயத்தில் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். நிற்கத் தெம்பில்லாதவர்களைக் குழுவாக அமர்த்தி எடுத்த படங்கள் அவை. லண்டன் பத்திரிகை வாசகர்களை அவை உலுக்கின. தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்ததையும், நிவாரண முகாமில் கூலிக்குக் கொடுத்த அரிசியைக் குறைத்ததையும் அந்தப் படங்களில் எங்கே தேடினாலும் கிடைக்காது. விலா எலும்பு தெரியும், கணக்குப் புத்தகம் தெரியாது. பேரிடர்ப் படம் என்ற இனத்தின் அடிப்படைக் குறை அன்றைக்கே பிறந்துவிட்டது.

இந்தக் குறை நம் விவசாயிகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை 2017-ல் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்திருந்தது. 2017 ஜனவரி 10 அன்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். திண்டுக்கல் பகுதியில் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகப் பட்டுப்போன வருஷம் அது. தென்னை பட்டுப்போவதற்குப் பல மாதம் ஆகும். முதலில் அடிமட்டை தொங்கும், பிறகு குரும்பை உதிரும், கடைசியில் கொண்டை முறியும். எந்த டிவி நிருபரும் ஒரு தோப்பில் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார். மார்ச் மாதம் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தருக்குப் போனார்கள். கழுத்தில் மண்டையோட்டைக் கட்டிக்கொண்டார்கள், எலியை வாயில் கவ்வினார்கள். அப்போதுதான் தேசியத் தொலைக்காட்சிகள் திரும்பிப் பார்த்தன. 41 நாள் அந்தப் போராட்டம் நடந்தது. எலி பேசப்பட்ட அளவுக்கு, அவர்கள் கேட்ட கடன் தள்ளுபடியும் வறட்சி நிவாரணமும் காவிரி மேலாண்மை வாரியமும் பேசப்படவில்லை. மெல்ல நடக்கிற பேரிடரை விரைவாக நடக்கிற காட்சியாக மாற்றிக்கொடுக்கும் பொறுப்பைக்கூட பாதிக்கப்பட்டவன் தலையிலேயே கட்டிவிட்டோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குடகனாறு, 1977

வறட்சி மட்டுமே தெரிந்த சமவெளி என்று எங்கள் ஊரை நினைக்கிறவர்களுக்கு ஒரு வெள்ளக் கதை சொல்ல வேண்டும்.

பழனி மலைத் தொடரின் கீழ்ச்சரிவில் புறப்படும் குடகனாறு, ஆத்தூர் வழியாக வந்து, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் பக்கம் வடக்கே போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் குறுக்கே வேடசந்தூர் அருகே அழகாபுரியில் எழுபதுகளில் கட்டிய மண் அணை இருக்கிறது. ஆழமான அஸ்திவாரத்திலிருந்து அளந்தால் அதன் உயரம் 15.75 மீட்டர்.

1977 நவம்பர் 12 அதிகாலை நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே புயல் கரையேறியது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. மாநிலத்தின் உட்பகுதியைக் குறுக்கே கடந்து கேரளக் கரை வழியாக மறுநாள் அரபிக்கடலுக்குள் போனது. வானிலைத் துறையின் பதிவுப்படி 560 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். அந்தக் காலத்து வெள்ளத்தில்தான் குடகனாறு அணை உடைந்தது.

எப்படி உடைந்தது என்பதைப் பொறியியல் அறிக்கைகள் சொல்கின்றன. வெள்ளம் வந்ததும் ஊழியர்கள் ஷட்டர்களை உடனே இயக்கினார்கள். கொஞ்சம் தூக்கியதுமே மின்சாரம் போய்விட்டது. மாற்று ஏற்பாடாக டீசல் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், ஷட்டர் மேலே வரவில்லை. ஆற்றின் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து கரைக்கு மேலே வழிந்தது. மண் அணையின் பின்சரிவில் தண்ணீர் அருவியாக இறங்கினால் அது கரையைப் படிப்படியாக அரித்துவிடும். 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் அகலம் வரை பல இடங்களில் கரை பிய்த்துக்கொண்டு போனது. மொத்த அணையின் மேலும் தண்ணீர் போனது போல இருந்ததாக அறிக்கை சொல்கிறது. பிற்பாடு அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

உலக அளவில் அணை உடைப்புகளைப் பற்றிப் பாடம் எடுக்கும் பொறியியல் ஆசிரியர்கள் குடகனாற்றை உதாரணமாகச் சொல்கிறார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று விசாரித்தால் சின்னப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. அந்த நவம்பரிலேயே, ஒரு வாரம் கழித்து ஆந்திரத்தின் திவிசீமாவில் இதைவிடப் பல மடங்கு பெரிய புயல் தாக்கியதில் எங்கள் கதை அமுங்கிப்போனது ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே, இதைச் சொல்ல ஒரு படம் இல்லை.

இன்றைக்கு ஒருவர் குடகனாற்றைப் பற்றி ஆவணப்படம் எடுத்தால் எப்படி எடுப்பார்? செயற்கைக்கோள் படத்தில் சுழலும் புயல், கூரை பறக்கும் வீடு, செத்து மிதக்கும் மாடு, பிறகு பருவநிலை மாற்றத்தால் இனி இப்படி அடிக்கடி நடக்கும் என்ற குரல். அத்தனையும் சரிதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். அப்படி ஒரு மழை கீழ்ப்பழனிச் சரிவில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஆனால் 1977-ல் கரையை உடைத்த கடைசிக் காரணம், மேலே வராத அந்த ஷட்டர். எனக்கு வேண்டிய படத்தில் மேகம் இரண்டு நிமிஷம் வந்தால் போதும். ஷட்டர் அறை பதினைந்து நிமிஷம் வர வேண்டும். மின்கம்பி எந்த வழியாக வந்தது, டீசல் ஜெனரேட்டரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள், இப்போது யார் ஓட்டிப் பார்க்கிறார்கள். பார்ப்பவர் அதைக் கொண்டு நாளைக்கே ஒரு மனு எழுத முடியும்.

வெளிநாட்டுப் பெரிய படங்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. அல் கோரின் 'அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' 2006-ல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது, பூமி சூடாவதைக் கோடிக்கணக்கான பேருக்குப் புரியவைத்தது. பிரிட்டனில் பள்ளிகளில் அதைப் போட்டுக் காட்டக் கூடாது என்று ஒருவர் வழக்குப் போட, 2007 அக்டோபரில் நீதிபதி பர்டன் தீர்ப்பளித்தார். படத்தின் அடிப்படை சரி, பள்ளிகளில் காட்டலாம், ஆனால் ஒன்பது இடங்களில் அது அறிவியலாளர்களின் பொதுக் கருத்தை மீறிப் போகிறது, ஆசிரியர்கள் அதைக் குறிப்போடு விளக்க வேண்டும் என்றார். அந்த ஒன்பதில் ஒன்று, ஆப்பிரிக்காவின் சாட் ஏரி. ஏரி வற்றியதற்குப் பூமி சூடாவதை மட்டும் காரணமாக்க ஆதாரம் போதாது. மக்கள்தொகைப் பெருக்கம், அளவுக்கு மீறிய மேய்ச்சல், அந்த வட்டாரத்துக்கே உரிய மழையின் ஏற்ற இறக்கம் இவையே கூடுதல் சாத்தியம் என்பது தீர்ப்பு. சாட் ஏரி எங்கோ இருக்கிறது. தூர்ந்த வாய்க்கால் உள்ள எங்கள் குளங்களுக்கும் அதே தீர்ப்பு பொருந்தும்.

தெளிந்த தண்ணீர்

கேமராவால் காட்டவே முடியாத பேரிடர் ஒன்றும் திண்டுக்கல்லில் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இந்த ஊருக்குச் சோறு போட்டன. நிலத்தடி நீரையும் கெடுத்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது என்று சட்டக்கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பிலேயே திண்டுக்கல் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கில், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று பதிவாகியிருக்கிறது.

நாலில் மூன்று கிணறு. ஆனால் கெட்ட கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெளிவாக, நிறைவாக இருக்கும். நல்ல தண்ணீர் வற்றிப்போன கோடையில் கெட்ட கிணற்றில் தண்ணீர் கிடப்பதையும் பார்க்கலாம், யாரும் இறைக்காததால். சோப்பு நுரைக்காது. பாய்ச்சிய வாய்க்காலில் வெள்ளையாக உவர் பூத்திருக்கும். தென்னை ஓலையின் நுனி கருகும். நாக்கில் ஒரு சொட்டு விட்டால் உப்புக் கரிக்கும். இதையெல்லாம் காட்ட ட்ரோனை இறக்கிவைத்துவிட்டுக் கிணற்றடியில் குந்த வேண்டும், சோப்பும் துணியுமாக நிற்கிற பெண்ணோடு பேச வேண்டும். மழை குறையக் குறைய இந்த உப்பின் அடர்த்தி கூடும். பருவநிலை மாற்றமும் பழைய மாசும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது. இதை விட்டுவிட்டு எங்கள் ஊரில் பருவநிலை மாற்றத்தைப் பற்றி முழு உண்மையைச் சொல்லவே முடியாது.

பயமுறுத்தினால் மக்கள் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. 2009-ல் சாஃப்ரன் ஓநீல், சோஃபி நிக்கல்சன்-கோல் இருவரும் வெளியிட்ட ஆய்வு, பயங்கரக் காட்சிகள் கவனத்தை இழுக்கும், ஆனால் நம்மால் என்ன ஆகப்போகிறது என்ற கையாலாகாத உணர்வையும் சேர்த்தே கொடுக்கும் என்று காட்டியது. 'தி ஏஜ் ஆஃப் ஸ்டுப்பிட்' என்ற பிரிட்டிஷ் படத்தைப் பார்த்தவர்களை ரேச்சல் ஹோவெல் தொடர்ந்து விசாரித்தார். பார்த்த கையோடு வேகம் கூடியிருந்தது, பத்துப் பதினான்கு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வேகம் பெரும்பாலும் அடங்கியிருந்தது.

எங்கள் மாவட்டத்தின் மலைப்பக்கம் இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு விவகாரம் 2001-லேயே வெளியானது. பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் போராடினார்கள். 2015 ஜூலை கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோண்ட்' என்ற சில நிமிட வீடியோ வந்தது. அதில் பெருமழையோ கழுகுப் பார்வையோ இல்லை. நிறுவனத்தின் பெயரைச் சொன்னது, செய்ய வேண்டியதைச் சொன்னது, மனுவில் கையெழுத்துக் கேட்டது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. அந்த உடன்பாட்டைத் தொழிலாளர்களின் நெடுங்காலப் போராட்டம்தான் வென்றது. ஆனால் கடைசி உந்துதலில் அந்த வீடியோவுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

கடற்கரையில் ஆவணப்பட இயக்குநர் திவ்யபாரதி செய்ததும் இதே வகைதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் காணாமல்போனதைப் பற்றி அவர் எடுத்த படம் 'ஒருத்தரும் வரேல'. அலை எவ்வளவு உயரம் எழும்பியது என்பதைவிட, தேடப் போக வேண்டியவர்கள் எப்போது போனார்கள் என்பதே அதன் கேள்வி. முன்னோட்டம் வெளியானதுமே வழக்குப் பதிவானது. புயலை மட்டும் காட்டியிருந்தால் யாரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

மெதுவான பேரிடரைப் படமாக்க வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜேம்ஸ் பேலாக் என்ற புகைப்படக்காரர் 2007-லிருந்து கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா பனியாறுகளின் எதிரே கேமராக்களைப் பாறையில் பொருத்திவைத்தார். அவை பகல் வெளிச்சத்தில் விடாமல் படமெடுத்துக்கொண்டே இருந்தன. வருஷக்கணக்கில் சேர்ந்த படங்களை ஓட்டிக் காட்டியபோது பனி பின்வாங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. 2012-ல் வந்த 'சேசிங் ஐஸ்' அந்த வேலையைப் பற்றிய படம்.

திண்டுக்கல்லுக்கு வேண்டியதும் அதுபோல ஒரு கேமரா, ஒரு கிணற்றுக்கு முன்னால். இந்தச் சமவெளியின் பழைய கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையைக் குடைந்து வெட்டிய சதுரக் கிணறு, விளிம்பில் கமலைக்கு ஊன்றிய கல்தூண்கள், அதற்குக் கீழே முதலில் மோட்டார் வைத்த மேடை. தண்ணீர் இறங்க, அதற்கும் கீழே இரண்டாவது மேடை வெட்டியிருப்பார்கள். பிறகு மூன்றாவது. அடியில் பக்கவாட்டில் துளைத்த சைடு போரின் குழாய் வாய்கள். அப்புறம் கிணற்றை விட்டுவிட்டு மேட்டில் ஆயிரம் அடி போர் போட்டு, புழுதி புகையாக வந்த கதை. மாவட்டத்தின் அறுபது, எழுபது வருஷத்து நீர் வரலாற்றை அந்தச் சுவரே அடுக்கடுக்காக எழுதிவைத்திருக்கிறது. கேமராவை மேலிருந்து கீழே ஒரே சீராக இறக்கினால் போதும். ஒவ்வொரு மேடைக்கும் அந்த வீட்டுக்காரர் எந்த வருஷம், யாரிடம், எவ்வளவு கடன் வாங்கினார் என்று சொல்வார். இலவச மின்சாரம் வந்ததையும் சொல்வார், பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டதையும் சொல்வார், மழை பிந்திய வருஷங்களையும் சொல்வார். வானமும் மனிதனும் சேர்ந்து செய்தது எது, தனித்தனியாகச் செய்தது எது என்று பார்ப்பவருக்குப் பிரிந்து தெரியும்.

காட்சித் தொடர்பியல் படிக்கிற பிள்ளைகள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கையில் இருக்கிற போனே போதுமான கேமரா. அவர்கள் முதலில் வேடசந்தூருக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. 1977-ல் இருபது வயதில் இருந்தவர்கள் எழுபதை நெருங்கிவிட்டார்கள். அணைக்குக் கீழே எந்தெந்த ஊருக்கு எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, யார் வந்து சொன்னார்கள், ஷட்டர் அருகில் நின்றவர்களில் யாராவது இன்னும் இருக்கிறார்களா, உடைந்த கரையில் எது பழையது, எது திரும்பக் கட்டியது. இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியது இந்தப் பத்து வருஷத்துக்குள்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்க்கிற நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே இருந்தால், அதையும் சேர்த்துப் படமெடுத்துவிடலாம்.